வலப்பக்கத்துக் கடப்பு

…இல்ல தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. மனிசருக்கு இருதயம் எந்தப் பக்கம்? இடப்பக்கம். சின்னப் புள்ளைக்கும் தெரியும். இந்தப் பெரிய டொக்டருக்கு மட்டும் வலப்பக்கத்தால வெட்டணுமாம். சீமையில படிச்சி வந்தவராம். அங்க மனிசருக்கு மாறி இரிக்கி போல.

காரதீவெண்டா சொன்னீங்க? அப்ப நம்மட ஊருதான், நான் சாய்ந்தமருது. இந்தக் கொழும்புல ஒரு தமிழ் முகம் கிடைச்சிதே. உள்ள ஒப்பரேசனுக்குக் கிடக்கிறது என்ட மகள் கைருன்னிஸா. குமரா இரிக்கக்குள்ள ஒருக்கா வெட்டின. நெஞ்சுக்குள்ள ஒரு கதவாம், ஒட்டிப்போய் ரெத்தம் போகுதில்லயாம். அப்ப இருந்த டொக்டர் இடப்பக்கத்தால விரல விட்டு, கண்ணால பாக்காமலே விரிச்சி விட்டார். அவரு டொக்டர். கனகாலம் நல்லா இருந்தாள். இப்ப மறுகா ஒட்டிட்டாம். படுத்தா மூச்சு வருதில்ல, இருந்துகொண்டேதான் நித்திர கொள்றாள்.

இவருக்கு விரல் மட்டும் காணாதாம். மெசினப் போட்டு, இருதயத்த நிப்பாட்டிட்டு, கதவக் கண்ணால பாப்பாராம். கந்தோர்ல பைல் பாக்கிறாப்போல… ஆறுதலா.

டொக்டரையே மறிச்சி, ஏன் மகன் வலப்பக்கமெண்டு கேட்டன். சிங்கள மனிசன், அரகொறத் தமிழ்ல விளங்கப்படுத்துறார். முந்தி வெட்டின பக்கம் எல்லாம் ஒட்டிக் கிடக்காம். அந்தக் கதவுக்குப் போற அறை பின்பக்கமா இரிக்காம், வலப்பக்கத்தால போனா நேராத் தெரியுமாம். "உம்மா, ஒங்கட வளவு வேலியில பின்னால பூந்து போற ஒரு கடப்பு இல்லயா, அதுபோல." நான் என்ன, வளவு விக்கவா வந்த?

பின் கடப்பெண்டா எங்கட ஆக்கள்ற பொண்டுகள் போற வழி. அந்நிய ஆம்பிள அதால வாறெண்டா செருமி, ஸலாம் சொல்லி, பதில் வந்தாத்தான் காலெடுத்து வைக்கணும். இவர் கத்தியோட வாறார்.

குர்ஆன் ஓதி ஊதின எண்ணெய நான் மகள்ற நெஞ்சுல முழுக்க இடப்பக்கமே பூசி முடிச்சிட்டன். நேரத்தோட சொல்லியிருந்தா பக்கம் பாத்துப் பூசியிருப்பனே.

விடல்ல நான். ஒப்பரேசன் தியேட்டர் வாசல்ல மறுகாவும் அவர மறிச்சன். மகன், கடப்பால போறெண்டா சும்மா போகப்படாது. உள்ள போகக்குள்ள பிஸ்மில்லாஹ். வேல நல்லபடி முடிஞ்சா, வெளிய வரக்குள்ள அல்ஹம்துலில்லாஹ். மனிசன் நிண்டு சொல்லிப் பாத்தார். 'பிஸ்மல்லா'வாம். இவ்வளவு படிப்புப் படிச்சி, ஒரு சொல்லு வாயில வருதில்ல. அந்தப் பிழையோடதான் உள்ள போயிரிக்கார்.

பயமாக் கிடக்கு தங்கச்சி. வாய நிப்பாட்டினா அழுதிருவன், அதான் கதைக்கன்.

ஏன் எழும்புறீங்க? கதவு திறக்குதா? அவர்தான்… முகத்துத் துணியக் கழட்டுறார்… நீங்க கேளுங்க தங்கச்சி, எனக்கு வாய் வருதில்ல…

என்ன சொல்றார்?

'அல்கந்துல்லா'வாம்.

பாத்தீங்களா தங்கச்சி… அதையும் பிழையாத்தான் சொல்றார்.