பதினான்காம் காட்சியின் முகம்

நான் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடிகர் ஹேவிட் அவர்களுக்கு மூன்று கரண்டி வேண்டும். எங்கள் கோப்பைகள் ஒருநாளும் மாறவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

படப்பிடிப்பில் என் வேலை தொடர்ச்சி பார்ப்பது. திங்களன்று ஒருவர் சட்டையின் மேல்பொத்தானைத் திறந்துவிட்டு நடித்தால், அதே காட்சியின் மிச்சத்தை வியாழனன்று எடுக்கும்போதும் அது திறந்திருக்க வேண்டும். நான் புகைப்படம் எடுத்து, நோட்டில் எழுதி, ஒப்பிட்டுப் பார்ப்பேன். வேதியியல் படித்தவள் இதற்கு ஏன் போனாய் என்று அம்மா கேட்பாள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிந்தன.

இது சிரிப்புப் படம். குண்டு விழுந்து உலகம் முடிந்தபின் இங்கிலாந்தில் பதினோரு பேர் மிஞ்சுகிறார்கள். வெள்ளைக் களிமண் சுரங்கத்துக்குள், ரயிலே வராத ஸ்டேஷனில், தொலைந்த பொருள் அலுவலகம் ஒன்று திறந்திருக்கிறது. அதன் குமாஸ்தாவாக நடித்தவர் ஹேவிட். மற்ற பத்துப் பேரும் வரிசையில் நின்று, தொலைந்த வீட்டையும் கணவனையும் கேட்கிறார்கள். அவர் ஆளுக்கொரு குடையைக் கொடுத்து, "அடுத்தவர்" என்கிறார்.

முதல் நாள் பதினான்காம் காட்சி எடுத்தோம். முந்தின இரவு கெட்டுப்போன நண்டு சாப்பிட்டிருந்தார் ஹேவிட். முகம் மெழுகு போல இருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. டைரக்டர் டிக்பி துள்ளினார்.

"இந்த மூஞ்சிதான்யா படமே. சார், மூணு வாரத்துக்கு இத அப்படியே வெச்சுக்கங்க. மிஸ் கார்வுட், மூஞ்சி உங்க பொறுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் தேறிவிட்டார். ஒப்பனையில் சரிசெய்யப் பார்த்தார்கள். மாவு பூசியது போல இருந்தது. கண்ணுக்குள் எதையும் பூச முடியாது. நாங்கள் படம் எடுத்த சுரங்கத்தின் கருவிக் கொட்டகையில் எலி மருந்து டப்பா ஒன்று இருந்தது. மிகக் கொஞ்சம் போதும் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மயக்கம் என்றாலும் துக்கம் என்றாலும் உடனே தேநீர் கொடுப்போம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் அவர் மோசமாக ஆக ஆக, அதிகமாகக் குடித்தார்.

"என்ன டீச்சரம்மா, டீ இரும்ப நக்குனாப்புல இருக்கு?" என்றார் ஒருமுறை. நான் தப்பு கண்டுபிடிப்பவள் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"சுரங்கத்துத் தண்ணி சார்."

"அது சரி. பாவம் டீ போடுற அந்தம்மா, சொன்னா மனசு கஷ்டப்படும்." முழுவதையும் குடித்தார்.

இரண்டாம் வாரம் தேநீர்மேல் சந்தேகம் வந்து ஆளாளுக்குப் பிளாஸ்க் கொண்டுவந்தார்கள். தேநீர் போடும் திருமதி பொலிதோ என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இருபது வருசமா டீ போடுறேன் கண்ணு, ஒருத்தன் தும்முனதில்ல. யாரோ என்னமோ பண்றாங்க. நீதான் எல்லாத்தையும் எழுதுறவளாச்சே. யாருன்னு பாத்து எழுது."

அதையும் எழுதினேன். அவர் விளக்குக்காரரைச் சந்தேகித்தார். விளக்குக்காரர் டிக்பியைச் சந்தேகித்தார். டிக்பி எல்லோரையும் சந்தேகித்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்ப்பதுதானே என் வேலை. நீங்கள்கூட நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை இப்போதுதான் தள்ளி வைக்கிறீர்கள்.

கடைசி நாள் ஒரே ஒரு ஷாட் மிச்சம். ஹேவிட் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

"நேத்து குழந்த மாதிரி தூங்கினேன் டீச்சரம்மா. நாளைக்கு இந்நேரம் என் தங்கச்சி வீட்ல இருப்பேன்."

கன்னம் சிவந்திருந்தது. புகைப்படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வழக்கமாக ஒரு சிட்டிகை போடுவேன். அன்று இரண்டு கரண்டி போட்டேன்.

ஷாட் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. முகம் அப்படியே பதினான்காம் காட்சியின் முகம். "அடுத்தவர்" என்று சொல்லிவிட்டுச் சரிந்தார். டிக்பி நிறுத்தச் சொன்ன பிறகும் எழவில்லை. வரிசையில் நின்ற பத்துப் பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

திருமதி பொலிதோவைக் கைது செய்திருக்கிறீர்கள். கோப்பையை அவர் கொண்டுபோனார் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது தவறு. அவர் தேநீர்க் கொட்டகையைத் தாண்டி வந்ததே இல்லை. மருந்து போட்ட பதினேழு கோப்பைகளையும் நான்தான் கொடுத்தேன். நாளும் அளவும் நோட்டில் இருக்கின்றன. ஹேவிட் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பிடித்த நடிகர் அவர்.

இன்னொரு தவறும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எடுத்த புகைப்படத்தில் அவருடைய தொப்பி இடப்பக்கம் கிடக்கிறது. விழும்போது அது வலப்பக்கம்தான் உருண்டது. நான் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டிருந்தேன். வழக்கு தொடங்கும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.