ஐந்து எண்ணும்வரை

டிவியில் கால்பந்து பார்க்கிறவர்கள் பந்தையே பார்ப்பார்கள், ஐயா. அதில் தப்பொன்றும் இல்லை. எனக்குத்தான் பத்தொன்பது வருடமாகப் பந்து கண்ணில் படுவதில்லை. பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பேன். துடியலூரில் நான் வளர்த்த அணி அதனால்தான் பேர் வாங்கியது.

எங்கள் முறை எளிது. பின்னால் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று. பந்து பறிபோனால் யாரும் பின்வாங்கக் கூடாது. பறித்தவனை அங்கேயே போய் நெருக்க வேண்டும். நான் கோட்டோரம் நின்று சத்தமாக எண்ணுவேன். ஐந்துக்குள் பந்து திரும்பி வந்தாக வேண்டும். என் குரல் காதில் விழுந்தால் பையன்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பழக்கியிருந்தேன்.

நெருக்குவதைத் தொடங்கி வைக்கிறவன் முன்வரிசையில் நடுவே நிற்பவன். அவன் ஓடாவிட்டால் மற்றவர்கள் ஓடுவது வீண். அந்த இடம் வம்சியுடையது. இருபத்தொரு வயது. கோல் அடிப்பதில் சுமார்தான், ஆனால் போதும் என்று ஒருநாளும் நின்றதில்லை. அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். பெற்ற பிள்ளை மாதிரி என்றே சொல்வேன். அவன் அம்மா பத்மாவதியம்மா முன்னால் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன ஜனவரியில், மாவட்ட லீக் இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காகிதத்தோடு வந்தான்.

"சார், ஓடறப்ப நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குதுங்க. இன்னொரு டெஸ்ட் எடுக்கற வரைக்கும் வெளையாடக் கூடாதுன்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாருங்க."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "நீ வெசனப்படாத கண்ணு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

மறுநாள், பேசிவிட்டேன் என்றும் டாக்டர் தாராளமாக விளையாடச் சொன்னார் என்றும் சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறான். டாக்டரின் போன் நம்பர் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. நான் போன் செய்யவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். தெரிந்ததை எதற்குக் கேட்பது. மாற்று ஆளாக நிதீஷ் இருந்தான். அவன் அரை மணி நேரத்தில் இடுப்பில் கை வைத்துவிடுவான்.

இறுதிப் போட்டியில் எழுபத்தோராவது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணி கோலுக்குப் பக்கத்தில் பந்தை இழந்தோம். எண்ண ஆரம்பித்தேன். இரண்டு என்றபோது வம்சி முட்டி போட்டான். அப்புறம் முகம் குப்புற விழுந்தான். நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வம்சியைத்தான் பார்த்தேன். நான் நிறுத்தியிருந்தால் பையன்களும் நின்றிருப்பார்கள். மூன்று என்றேன்.

அவனைத் தாண்டி ஓடினார்கள். ஐந்து சொல்வதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், நானும் கையைத் தூக்கினேன். அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவனைத் திருப்பிப் போட்டது கோல்கீப்பர் கலீல் ரஹ்மான்தான். ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் ரோட்டைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது.

கோப்பை எங்களுக்குத்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்போதும் பயிற்சியில் எண்ணுகிறேன், ஐயா. இரண்டு என்றதும் அவன் முட்டி போடுவான். மூன்று என்றால் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பான். கோபமாக அல்ல, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் குளிக்கும்போதுகூட ஐந்தாவது சொம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரே தப்பை இரண்டு தடவை செய்கிறவன் இல்லை நான். அதனால்தான் நீங்கள் கூப்பிடும் முன்பே நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வம்சியின் இடத்தில் இப்போது நிதீஷ். நன்றாகத் தேறிவிட்டான், கடைசிவரை ஓடுகிறான். போன வாரம் தலையில் அடிபட்டதிலிருந்து கொஞ்சம் கிறுகிறுப்பும் வாந்தியும் இருக்கிறதாம். ஸ்கேன் எடுக்கும்வரை ஓடக் கூடாது என்று எழுதிய காகிதத்தை நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஐயா. அதற்குள் என்னை அனுப்பிவிட்டால் போதும்.