தெற்குப் பக்கத்து வெயில்

— “ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு, ஜனவரி இருபத்தெட்டு, திங்கட்கிழமை. மாசசூசெட்ஸ், ஸ்டோன்ஃபோர்டு ஊர்க்கூட்டம், ஆலய மண்டபத்தில். அவைத்தலைவர் டீக்கன் பெசலேயேல் பிரசங்க மேடைப் படியில் நின்றார். எழுத்தர் ஏனோஸ் விட்லாக் அதற்குக் கீழே, மேசையில். தெற்குப் பக்கம் ஜன்னலோர முதல் பெஞ்சில் மாவுமில் ஹோவும் அவருடைய இரண்டு மகன்களும். இரண்டாம் பெஞ்சில்…”

— ஏங்க, கடிதத்துல யார் எந்தப் பெஞ்சில உட்கார்ந்தாங்கன்னு பாஸ்டன்ல எவன் கேட்டான்? தும்மினவங்க பேரையும் சேர்த்துக்குங்களேன்.

— வரிசை தப்பக் கூடாது மைண்ட்வெல். இன்னிக்கு நின்ன இடம்தான் ஓட்டு. பதிமூணு மாநிலத்துக்கும் சேர்த்துப் புதுச் சட்டம் வரட்டும்னவங்க தெற்குப் பக்கம், வேணாம்னவங்க வடக்குப் பக்கம்னு டீக்கன் பிரிச்சாரில்லே? அதனால இடத்தோட எழுதினாத்தான் எண்ணிக்கை நிக்கும். “இரண்டாம் பெஞ்சில் யோத்தாம் பீஸ்லி…”

— எங்கண்ணனா? தெற்குப் பக்கமா?

— நானும் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் எழுதினேன்.

— போன வருஷம் இருக்கிற அரசாங்கத்தையே எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினவரு, அதைவிடப் பெரிய அரசாங்கம் வரட்டும்னு உட்கார்ந்திருப்பாரா? ஆலய மாடியில, பொம்பளைங்க பக்கம், மூணு பேர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலே.

— மனசு மாறியிருக்கலாம். இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க.

— அட, ஆயுசு நூறு! உள்ள வாண்ணே. வந்ததும் கதவைச் சாத்து, பாதிப் பனி உன் பின்னாடியே வருது. பூட்ஸை அங்கேயே உதறு.

— மாப்ளே, கடிதம் போயிடுச்சா?

— இன்னும் இல்லே மச்சான். தபால்கார ஓபேட் சத்திரத்துல குதிரைக்குத் தீனி வைக்கிறார். அது தின்னு முடிச்சதும் இங்க வந்து வாங்கிக்கிட்டு, இருட்டறதுக்குள்ள ஆத்தைத் தாண்டிடணும்னார்.

— நல்லவேளை. அதுல என்ன எழுதியிருக்கே?

— நடந்ததை எழுதியிருக்கேன். “ஏற்க வேண்டும் என்போர் இருபத்தொன்பது, கூடாது என்போர் இருபத்தெட்டு. ஆகவே பாஸ்டன் மாநாட்டில் நம் ஊரின் பிரதிநிதி கேப்டன் ஆசகேல் கிரேன் ‘ஏற்கிறோம்’ என்றே வாக்களிக்கக் கடவர்.” ஊர் கட்டளை போட்டா அவர் மீற முடியாது. ஒரே ஓட்டு வித்தியாசம், பார்த்தியா?

— பார்த்தேன். அந்த ஒரு ஓட்டு நான்தான்.

— அதைத்தான் இவகிட்டச் சொல்லிட்டிருந்தேன். எங்க பக்கம் வந்ததுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு…

— உங்க பக்கம் எவன் வந்தான்? நான் எழுந்திருக்கலே மாப்ளே. அவ்வளவுதான்.

— எழுந்திருக்கலேன்னா?

— எங்கப்பா காலத்துலேருந்து எங்க குடும்பப் பெஞ்சு அதுதான். ஜன்னல் வழியா வெயில் நேரா இந்த முழங்கால்ல விழுந்துச்சு. சரடோகா சண்டையில குண்டு பட்டதுலேருந்து குளிர்ல இது மரக்கட்டை. ஒரு மணி நேரமா அப்பத்தான் கொஞ்சம் இளகியிருந்துச்சு. எதிர்ல வடக்குப் பக்கம் பார்த்தா, ஜன்னல் இடுக்கு வழியா பெஞ்சு மேலயே பனி கிடக்கு. எப்படியும் பதினஞ்சு பேர் வித்தியாசத்துல நாங்க ஜெயிச்சுடுவோம், நான் ஒருத்தன் நொண்டிக்கிட்டுப் போய் என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சேன்.

— அடேங்கப்பா! ஓட்டு இல்லாத நான் மாடியில குளிர்ல நடுங்கினேன். ஓட்டு இருக்கிற நீ வெயில் காஞ்சியா?

— சொல்லு, நல்லாச் சொல்லு. அதுக்குத்தானே வந்திருக்கேன்.

— டீக்கன் எண்ணிக்கையை உரக்கப் படிச்சாரே மச்சான், அப்பவாவது எழுந்து சொல்லியிருக்கலாமில்லே?

— எப்படிச் சொல்ல? ஊரே பார்க்குது. “கால் குளிருக்குப் பயந்து சுதந்திரத்தை வித்தவன்”னு மாவுமில் ஹோ சந்தையில பாட்டே கட்டுவான். வீடு வரைக்கும் போனேன். படியில கால் வைக்கலே, திரும்பி வந்துட்டேன். மாத்து மாப்ளே.

— முடியாது. கூட்டம் கலைஞ்சாச்சு. டீக்கன் எண்ணினது எண்ணினதுதான்.

— அப்ப மறுபடி கூட்டத்தைக் கூட்டு.

— ஏழு நாள் முன்னாடி ஆலயக் கதவுல அறிவிப்பு ஒட்டணும். அதுக்கப்புறம் கூட்டம், அதுக்கப்புறம் பாஸ்டனுக்கு இந்தப் பனியில மூணு நாள். அடுத்த வார நடுவுல அங்க வாக்கெடுப்பே முடிஞ்சுடும்னு கேப்டன் எழுதியிருக்கார்.

— அந்தக் கேப்டன்! அவனைக் கட்டளைங்கிற கயித்துல கட்டித்தான் அனுப்பணும்னு முதல்லேயே சொன்னேன். போன பிப்ரவரியில அரசாங்கப் படையோட வந்து எங்களைப் பனியில முயல் மாதிரி வேட்டையாடின ஆளு. அவனைப் போய்ப் பிரதிநிதியாத் தேர்ந்தெடுத்தீங்க. இப்ப என் ஓட்டையே கயிறாத் திரிச்சு அவன் கையில குடுக்கிறே.

— கோபப்படாதே. முதல்ல இதைச் சொல்லு. இந்தச் சட்டத்துல உனக்கு என்ன பயம்?

— என்ன பயமா? சட்டம் போட ஒரு இடம், அதை நடத்த ஒரு ஆளு, தீர்ப்புச் சொல்ல ஒரு கோர்ட்டு, மூணையும் தனித்தனியா வச்சிருக்கோம்னு படிச்சுக் காட்டினே. சரி. நாலு வருஷத்துக்கு ஒரு தலைவர், ஆறு வருஷத்துக்கு ஒரு செனட்டர்! இங்க நாம வருஷா வருஷம் மாத்துறோம். என் பசு ஆறு வருஷத்துல ஆறு கன்னு போட்டுடும் மாப்ளே. அதுவரைக்கும் ஒருத்தன் கேள்வி கேப்பாரில்லாம உட்கார்ந்திருப்பானா?

— மக்கள் சபைக்கு ரெண்டே வருஷம்தானே. ஒண்ணு தப்பினா இன்னொண்ணு பிடிச்சு நிறுத்தும்.

— அதுவும் போகட்டும். வாரண்ட் இல்லாம உன் வீட்டுக்குள்ள வரமாட்டோம், உன் ஜெபத்துல தலையிட மாட்டோம், நீ வாயைத் திறந்து பேசினா அடைக்க மாட்டோம்னு அதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி இருக்கா? என் எருது ரெண்டையும் வரிக்காக ஓட்டிட்டுப் போனப்ப யார்கிட்டப் போய் அழுதேன்? பக்கத்துல இருக்கிற அரசாங்கமே காது குடுக்கலே. எங்கேயோ இருக்கப் போறது குடுக்குமா?

— பாஸ்டன்ல அதைத்தான் பேசுறாங்களாம். ஏத்துக்கிட்டு, கூடவே இந்த உரிமைகளையெல்லாம் திருத்தமாச் சேருங்கன்னு கேட்டு அனுப்பலாம்னு.

— கல்யாணத்தை முடிச்சுட்டு அப்புறமா பொண்ணு குணம் விசாரிக்கிற கதை!

— இப்ப இருக்கிறது மட்டும் என்ன வாழுது மச்சான்? பதிமூணு எருது பதிமூணு பக்கம் இழுக்குது. ஏர் நகருதா?

— ஒரே நுகத்தடியில பூட்டு, வேணாங்கலே. சாட்டை யார் கையிலன்னுதான் கேக்குறேன்.

— போதும் ரெண்டு பேரும். இந்தா அண்ணே, சூடான ஆப்பிள் சைடர். குடி. கூட்டத்துல மூணு மணி நேரம் இதையேதான் பேசினீங்க. ஓபேட் குதிரை தின்னு முடிக்கப் போகுது. இவர் ஓட்டுக்கு வழி உண்டா, இல்லியா, அதைச் சொல்லுங்க.

— பதிவுப் புத்தகத்துல கை வைக்க மாட்டேன். பதினோரு வருஷத்துல ஒரு எழுத்து அடிச்சதில்லே. ஆனா…

— ஆனா?

— கடிதத்துக்கு அடியில நடந்த உண்மையை எழுதலாம். அது எழுத்தரோட கடமைதான். மச்சான், நீ கையெழுத்துப் போடணும். வெயிலுக்காக உட்கார்ந்தேன்னு உன் வாயாலேயே ஒத்துக்கணும். கேப்டன் அதை மாநாட்டுல படிச்சாலும் படிப்பார்.

— சிரிக்கட்டும். பாட்டுக் கட்டட்டும். எழுது.

— ஏங்க, யோசிச்சுத்தான் எழுதுறீங்களா? நீங்க அந்தச் சட்டம் வரணும்னு ரெண்டு மாசமா ராத்திரி பகலாத் தவம் கிடந்தீங்க. இதை எழுதினா உங்க பக்கம் தோத்துடுமே.

— தெரியும் மைண்ட்வெல். மைப்புட்டியை இப்படித் தள்ளு. உறைஞ்சிருக்கும், அடுப்புப் பக்கம் காட்டு.

— காட்டியாச்சு. இந்தாங்க.

— “மேற்படி எண்ணிக்கையில் யோத்தாம் பீஸ்லி, முழங்கால் காயத்தின் காரணமாகவும் வெயிலை முன்னிட்டும் தம் பெஞ்சை விட்டு எழாததால், அவர் மனத்துக்கு மாறாகத் தெற்கில் எண்ணப்பட்டார். அவரை வடக்கில் சேர்த்தால், ஏற்போர் இருபத்தெட்டு, மறுப்போர் இருபத்தொன்பது.” சரியா மச்சான்?

— சரி. மடி மாப்ளே.

— மை காயட்டும்.

— இருங்க இருங்க. இருபத்தெட்டும் இருபத்தொன்பதும் ஐம்பத்தேழு.

— ஆமா, ஐம்பத்தேழு.

— மாடியிலேருந்து நான் எண்ணினது ஐம்பத்தெட்டு தலை. எனக்கு வேற என்ன வேலை அங்க? டீக்கனையும் சேர்த்து ஐம்பத்தெட்டு.

— டீக்கன் எண்ணி முடிச்சுட்டுத் தெற்கே போய் நின்னார். அவரை எண்ணியாச்சே.

— அப்ப இன்னொரு தலை? உங்க வழுக்கைத் தலை? நடுவுல மேசையில, தெற்கும் இல்லாம வடக்கும் இல்லாம?

— அது… கூட்டத்தை எழுதுறவன் எங்க எழுந்து நடக்கிறது? பேனாவைக் கீழே வச்சா யார் என்ன சொன்னான்னு விட்டுப் போயிடும். கை தூக்குற ஓட்டுன்னா இடது கையைத் தூக்குவேன். இப்படிப் பிரிஞ்சு நிக்கிறப்ப என்னை யாரும் எண்ணினதில்லே. பதினோரு வருஷமா அப்படித்தான்.

— பதினோரு வருஷமாவா? நிலம் இருக்கு, வரி கட்டுறே. உனக்கு ஓட்டு இல்லியா?

— இருக்கு மச்சான். அது போகட்டும். நானாத்தானே எழுந்திருக்கலே. யார் மேலயும் தப்பில்லே.

— நானும்தான் எழுந்திருக்கலே! நான் வெயில்ல உட்கார்ந்ததுக்கு நியாயம் கேட்டு வந்திருக்கேன். நீ ஊர் வேலை செஞ்சுக்கிட்டு உட்கார்ந்தே. எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?

— அண்ணே, கொஞ்சம் வாயை மூடு. இவரை எண்ணினா என்ன ஆகும்னு தெரியுதா?

— தெரியுது. எனக்கும் கூட்டத் தெரியும்.

— இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது ஆகும் மச்சான். சமமானா தீர்மானமே விழுந்துடும். ஊர் கேப்டனுக்கு எந்தக் கட்டளையும் போடலேன்னு அர்த்தம். அவர் மனசுக்கு எது சரின்னு படுதோ அப்படி ஓட்டுப் போடலாம். அவர் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது. “ஊர் சொல்லட்டும்”னு எழுதினாரே தவிர, தன் மனசைப் பத்தி ஒரு வரி எழுதலே.

— தெரியுதுன்னேனே.

— உனக்காக இதுவரைக்கும் எழுதினது இருக்கு. இப்படியே மடிச்சுடுறேன். ‘வேணாம்’னு போகட்டும். உனக்கு இது உசிரு, எனக்கு வெறும் விருப்பம். நான் நாளைக்கும் நிம்மதியாத் தூங்குவேன்.

— நீ தூங்குவே. நான் தூங்குவேனா? உன் வாயைக் கட்டிட்டு ஜெயிச்சேன்னா, நான் யாரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினேனோ அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீ என் கண்ணு முன்னாடி உன் பக்கத்தையே தோக்கடிச்சு எழுதினே. எழுது மாப்ளே, உன் பேரையும் எழுது. தெற்கா, வடக்கா?

— தெற்கு.

— அப்படின்னா தெற்குன்னு எழுது.

— “எழுத்தர் ஏனோஸ் விட்லாக், எழுதிக்கொண்டிருந்ததால் எண்ணப்படவில்லை. அவர் ஏற்போர் பக்கம். ஆகவே இருபுறமும் இருபத்தொன்பது. ஊர் தங்களுக்குக் கட்டளை எதுவும் இடவில்லை. இரு தரப்பையும் கேட்டு, தங்கள் மனச்சாட்சிப்படி செய்யவும்.” இங்க போடு கையெழுத்து. அதுக்குக் கீழே நான்.

— என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

— படிக்க வந்தாப் போதும். மைண்ட்வெல், அரக்கு.

— இந்தாங்க, உருகியிருக்கு. கையைச் சுட்டுக்காதீங்க. வாசல்ல குளம்புச் சத்தம் கேக்குது.

— முத்திரை வச்சாச்சு. ஓபேட்! இதோ, இது கேப்டன் கிரேன் கையிலயே சேரணும். நேரா அவர் கையில. வழியில நிக்காதே. போயிட்டு வா.

— போயிட்டார். அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? ஏனோஸுக்கு நியாயம் செஞ்சே, சரி. ஆனா கடிதம் போறப்ப உன் முகத்துல ஒரு கலக்கமும் இல்லியே. அந்தக் கேப்டன் பேரைக் கேட்டாலே துப்புவே. அவனைக் கயித்துல கட்டணும்னே. இப்ப உன் உசிரையே அவன் புத்திக்கு விட்டுட்டு நிம்மதியா சைடர் குடிக்கிறியே?

— மாப்ளே, அந்தப் பேனாவைக் கீழே வை. இதை எழுதக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. அவன் மேல துப்புறது ஊர் பார்க்கத்தான். துப்பலேன்னா அவனுக்குத்தான் ஆபத்து. போன பிப்ரவரியில கல்சுவத்துக்குப் பின்னால பனிக்குள்ள நான் படுத்துக் கிடந்தேன். கேப்டன் ஆசகேல் குதிரையை நிறுத்தி என் கண்ணை நேராப் பார்த்தான். அப்புறம் திரும்பி, பின்னால வந்த சிப்பாய்ங்ககிட்ட, “இந்தப் பக்கம் யாருமில்லே”ன்னான். என்னைப் பிடிச்சுட்டு வான்னுதான் அவனுக்குக் கட்டளை.