மொட்டைக்குப் பிறகு மார்பு

கஞ்சாப் புகை ஒரு தடவை தலையில் பட்டால் சாகும்வரை முடியை விட்டுப் போகாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். போன மாதம் கிரிவலத்தில் ஒரு சாமியார் விட்ட புகை என்மேலும் பட்டிருந்தது. அதனால் ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

“மொட்டை அடிச்சா மார்ல இருந்து முடி எடுப்பாங்க செல்வம்,” என்றார் டேனரி யூனிஃபார்ம் போட்டிருந்த பாய்.

பளபளத்த மொட்டையோடு பக்கத்தில் இருந்தவன் திடுக்கிட்டான். “இன்னா பாய் சொல்றீங்க? கப்பல் வேலைக்கு முடில கஞ்சா டெஸ்ட்டு இன்னிக்குத்தான்!”

“கடைசியா எப்போ இழுத்த?”

“எட்டு மாசம் ஆச்சி பாய்.”

“தலைமுடின்னா மூணு மாசக் கதைதான் சொல்லும். நீ தப்பிச்சிருப்ப. மார்முடி மெதுவா வளரும், அது ஒரு வருசக் கதைகூட சொல்லும்.”

“பேஜாராப் போச்சே! ஒடம்பு பூரா எடுத்துட்டா?”

“அதுக்கு உன்ன, தோல்ல முடி கழட்டுற எங்க சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போடணும்.”

நான் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

“வீட்ல இன்னான்னு சொன்ன?”

“திருப்பதி வேண்டுதல்னேன். லட்டு எங்கன்னு கேக்குறா.”

பாய் குலுங்கிச் சிரித்தார். செல்வம் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, மொட்டை அடித்துவிட்டதைச் சொன்னான். பதில் எனக்கே கேட்டது.

“மொட்டையா? முடி வளந்தப்புறம் வாப்பா. அடுத்த பேட்ச்ல பாக்கலாம்.”

செல்வம் பள்ளிகொண்டாவில் இறங்கி ஆம்பூர் பஸ் ஏறினான்.