கடைசிப் பயனாளி

எனக்குச் செடிகொடி என்றால் உயிர், சார். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு பலா, இரண்டு கொய்யா, ஒரு நாரத்தை. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அவற்றுக்குத் தண்ணீர் விட்டுவிடுவேன். ஏட்டையா இதையும் எழுதிக்கொள்ளட்டும். முதல் பக்கத்திலேயே என்னைப் பற்றி நல்லதாக ஒன்று இருந்தால் தேவலை.

பெயர் சைமன்ராஜ். எழுபது தாண்டிவிட்டது. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவன். ஷிஃப்டில் பெல்ட் மேலேயே தூங்கிப்போய், கரியோடு கரியாக அனல்மின் நிலையம் வரை போய்ச் சேர்ந்தேன் என்று டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். பாதி வழியிலேயே விழித்துக்கொண்டேன்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், உங்களுக்கே தெரியும். சிலர் பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள், சிலர் பிள்ளைகளிடம் போகிறார்கள். நான் எங்கும் போகவில்லை. ஏனென்றால் நான் கிழக்குச் சுடர் துயர்துடைப்புச் சங்கத்தின் செயலாளர். 'தானே' புயலில் காடாம்புலியூர் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது ஆரம்பித்த சங்கம். அதற்கென்று கம்பெனிக்காரர்கள் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். முன்னறையில் சங்கம், பின்னறையில் நான். சங்கம் இருக்கும்வரை வீடும் இருக்கும். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆரம்பத்தில் நாற்பது குடும்பங்களுக்கு அரிசி, தார்ப்பாய் கொடுத்தோம். பிறகு முந்திரி ஒட்டுக்கன்று கொடுத்தோம். ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே காய்க்கும். காய்த்ததும் ஆட்கள், "இனிமே அரிசி வேணாங்கய்யா, வேற யாருக்காச்சும் குடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்படியே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் வீராயி ஒருத்திதான் மிச்சம்.

வீராயிக்குப் புருஷன் இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் கூலி வேலை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் பாதி நாள் அவளை ஆளென்றே ஒத்துக்கொள்ளாது. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொஞ்சம் செம்மண் நிலம் இருந்தது.

"ஊரான் வூட்டுக் கொட்டைய ஒடச்சி ஒடச்சி வெரலு போச்சுங்கய்யா. என் மரத்துக் கொட்டைய ஒரு தபா மூட்டை கட்டிட்டா போதும். அப்பறம் அந்தக் கொட்டாய்ப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன்" என்பாள்.

அவளுக்கும் கன்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். என்ன செய்வது, அவள் நிலத்துக்கு மட்டும் ஒரு காட்டுப்பன்றி வந்துகொண்டிருந்தது. நட்ட கன்றுகள் ஒரு முழம் வளர்ந்ததும் வந்து, வரிசையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். சாதாரணப் பன்றி இல்லை சார். கம்பெனி பஸ்ஸின் முன்பக்கம் அளவுக்கு இருக்கும். இடது காது கிடையாது. வனத்துறைக்காரர்கள் பலாப்பழம் வைத்துக் கூண்டு வைத்தார்கள். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை மட்டும் கூண்டுக்குள் ஓரமாகக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் தலைவர் சண்முகசுந்தரம் அதை மெயின் ரோட்டில் நேரில் பார்த்திருக்கிறார். சிக்னல் விழும்வரை நின்று கடந்ததாம்.

ஆகையால் வீராயிக்கு மாதா மாதம் அரிசி போய்க்கொண்டிருந்தது. நான்தான் மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆண்டறிக்கைக்கு அவளையே எட்டுப் புடவையில் எட்டுக் கோணத்தில் படம் எடுப்போம். புடவைகள் தலைவர் வீட்டம்மாவுடையவை. எங்களுக்கு நிதி அனுப்பும் வெளிநாட்டுச் சபைக்காரர்கள், பெண்கள் இத்தனை பேர் பயன் பெறுகிறார்களே என்று உருகிப்போய்க் கடிதம் எழுதுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களே ஒரு புதுச் சமாச்சாரம் கேட்டார்கள். தியரி ஆஃப் சேஞ்ச். நாம் செய்கிற வேலையால் யாருக்கு என்ன மாறுகிறது, எப்படி மாறுகிறது, அதை அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். டெல்லிக்காரர் ஒருவர், நெய்வேலிக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சென்னைக்காரர் ஒருவர் தலையணை கனத்துக்கு மாதிரி அறிக்கை அனுப்பினார். விழுப்புரத்திலிருந்து இசைப்பிரியா என்றொரு பெண், 'நான் முதலில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அவளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். காது கொடுத்துக் கேட்கிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது என் அனுபவம். ஜன்மத்தில் நான் செய்த ஒரே தப்பு அது.

வந்தாள். முன்னறைச் சுவரில் காக்கித்தாளை ஒட்டினாள். கலர் கலராகச் சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. வீராயியையும் ஆட்டோ வைத்து அழைத்து வந்திருந்தாள்.

"பின்னாடியிருந்து ஆரம்பிப்போம் சார். கடைசியில என்ன நடக்கணும்?" என்றாள்.

"உலக அமைதி" என்றார் சண்முகசுந்தரம்.

"இன்னும் கொஞ்சம் கிட்டத்துல சார்."

அவர் தமிழ்நாடு வரை இறங்கி வந்தார். இசைப்பிரியா வீராயியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா நடக்கணும்?" என்றாள்.

"எனக்கா? இவங்க அரிசி குடுக்கறத நிறுத்தணுங்க." என் பக்கம் திரும்பினாள். "ஐயா கோச்சிக்காதீங்க. நான் வாங்காத இருக்கணும்னு சொல்றேன்."

இசைப்பிரியா ஒரு பச்சைச் சீட்டு எடுத்து, 'சங்கம் தேவைப்படாத நாள்' என்று எழுதி, தாளின் கடைசியில் ஒட்டினாள். சண்முகசுந்தரம் கைதட்டினார். எனக்கு மட்டும் மேலே ஃபேன் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் வந்தாள். அரிசி வேண்டாமென்றால் வருமானம் வேண்டும். வருமானத்துக்குக் காய் வேண்டும். காய்க்குக் கன்று வேண்டும். கன்று சங்கம் கொடுக்கிறது. எல்லா அம்பும் சரியாக இருக்கிறதே, கன்றுக்கும் காய்க்கும் நடுவில் என்ன தடங்கல் என்றாள்.

"பன்னிதாங்க" என்றாள் வீராயி.

சண்முகசுந்தரம் சிக்னல் கதையைச் சொன்னார். இசைப்பிரியா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எப்பம்மா வரும்?" என்றாள்.

"அதாங்க நானும் கவனிச்சுகினு வரேன். மழைக்கின்னு வரதில்ல, வெயிலுக்கின்னு வரதில்ல. ஐயா வந்து கன்னப் பாத்துட்டுப் போனாருன்னா, பின்னாலேயே வந்துரும். அவரு கால் ராசி அப்பிடி. பாவம், அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டேன், புரைக்கேறிவிட்டது. இசைப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சிவப்புச் சீட்டில் 'செயலாளர் வருகை' என்று எழுதி ஒட்டினாள். பக்கத்தில் 'பன்றி' என்று ஒரு சீட்டு. இரண்டுக்கும் நடுவில் நிதானமாக ஓர் அம்பு வரைந்தாள்.

இந்த இடத்தில் பன்றியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏட்டையாவுக்குக் குழப்பமாக இருக்கும். அது நான்தான்.

பெரிய வேலையில்லை சார். வீராயி கொட்டகையில் இருக்கும் நேரம் பார்த்துப் பட்டப்பகலில் போவேன். ஒரு சின்னக் கடப்பாரை. உடைந்த கட்டில் கால் ஒன்றைக் குளம்பு மாதிரி செதுக்கி வைத்திருந்தேன். இரண்டும் அரிசி மூட்டைக்கு அடியில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். கன்றைப் பிடுங்குவேன், குளம்பைப் பதிப்பேன், அப்படியே அவள் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு வருவேன். குளம்பு பதிக்கும்போது லேசாக உறுமுவதும் உண்டு. கேட்க ஆளில்லைதான். ஆனாலும் ஒரு வேலையைச் செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும்.

மற்ற குடும்பங்களை நான் தொட்டதே இல்லை. அவர்கள் மரமெல்லாம் இன்றைக்கும் காய்க்கிறது, போய்ப் பாருங்கள். எனக்கு ஒருத்தர் போதும். நான் பேராசைக்காரன் இல்லை. அந்த ஒருத்தரையும் யோசித்துத்தான் வைத்துக்கொண்டேன். நன்றி சொல்வதில் வீராயிக்கு ஈடு கிடையாது. நேரில் கொடுக்கிற மாதங்களில் மூட்டையைப் பார்த்ததும் அந்த வெந்த விரல்களைச் சேர்த்து ஒரு கும்பிடு போடுவாள் பாருங்கள், வீடு திரும்புகிறவரை எனக்கு மொபெட்டே தரையில் ஓடாது.

இசைப்பிரியா என்னை எதுவும் கேட்கவில்லை. "கால் ராசி உண்மையா இல்லையான்னு சோதிச்சுப் பாத்துடலாம் சார். புதுக்கன்னு காய்க்கிற வரைக்கும் நீங்க மட்டும் அங்க போக வேணாம். அரிசிய தலைவர் கொண்டுபோகட்டும்" என்றாள். கமிட்டி தீர்மானம் போட்டது. நான் தீர்மானங்களை மதிக்கிறவன்.

முதல் வருஷம் சமாளித்துவிட்டேன். இரண்டாம் வருஷம் பலாமரத்தோடு பேச ஆரம்பித்தேன். சண்முகசுந்தரம் போகும்போதெல்லாம் போனில் படம் எடுத்து வந்து காட்டுவார். "யோவ் சைமன், பாருய்யா, என் இடுப்பு ஒசரம்" என்பார். அடுத்த முறை நெஞ்சு உயரம். பன்றி வயசாகிச் செத்துப்போயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இந்தத் தை மாசம் வீராயியின் மரங்கள் பூத்தன. அவளே போன் செய்தாள். "பூ கொட்டிக் கெடக்குதுய்யா. கொட்டாய்க்காரர் கிட்ட, வர மாசத்துல இருந்து வர மாட்டேன்னு சொல்லிட்டேன். மொத மூட்டைய நீங்கதான் வந்து தூக்கி விடணும்" என்றாள்.

கமிட்டி கூடிச் சங்கத்துக்கு நிறைவு விழா என்று முடிவு செய்தது. பச்சைச் சீட்டு பலித்துவிட்டதாம். பேனர் அடித்தார்கள். அதில் என் படம் பெரிதாக இருந்தது. குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கிற பொறுப்பும் எனக்கே. பெங்களூரிலிருந்து மகள் கிறிஸ்டினா, "அப்பா, உங்களுக்கு ரூம் ரெடி" என்றாள். பதினோராம் மாடி. பால்கனியில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். நல்ல பெண்தான்.

அதனால் போனேன். இத்தனை நாள் போகாமல் இருந்துவிட்டுப் போவதால், வழியெல்லாம் உற்சாகமாக இருந்தது. தனியாகப் பாடிக்கொண்டே போனேன். மரங்களைப் பார்த்ததும் கடப்பாரைக்கு வேலையில்லை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு நல்ல வளர்த்தி. மூன்று வருஷத்தில் ஒரு தனி மனுஷி இப்படி வளர்த்திருக்கிறாள் என்றால், சங்கம் கொடுத்த கன்றின் தரம் அப்படி. கீழே சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. காற்றும் தோதாக இருந்தது. ஒரே குச்சிதான் செலவு. முந்திரிப் பூ எரிந்தால் இனிப்பாக ஒரு வாசனை வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அணைந்ததும் பழக்க தோஷத்தில் குளம்பையும் பதித்துவிட்டு வந்தேன்.

அங்கேதான் கொஞ்சம் சறுக்கிவிட்டது. பன்றி தீப்பெட்டி வைத்திருக்குமா என்று மறுநாள் ஏட்டையா கேட்டார். இந்தப் பன்றி வைத்திருக்கும் என்று சாட்சி சொல்லச் சண்முகசுந்தரம் தயாராக இருந்தார். நல்ல நண்பர்.

மற்றபடி எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சபைக்காரர்கள் பதறிப்போய் அவசர நிவாரணம் அறிவித்தார்கள். நிறைவு விழா ரத்து. அதே பேனரின் பின்பக்கத்தில் 'மீண்டும் களத்தில்' என்று எழுதிக்கொண்டோம். நான் மூட்டையோடு போனேன். வீராயி கரிக்கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கொட்டகைக்குப் போய் வேலை கேட்டிருக்கிறாள். வேறு ஆள் போட்டாச்சு என்று சொல்லிவிட்டார்களாம். மூட்டையை அவள் பக்கத்தில் இறக்கி வைத்தேன். கும்பிடவில்லை. அதிர்ச்சியில் இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இசைப்பிரியா போன் செய்தாள்.

"சார், நீங்க அங்க போனீங்களா?"

"போனேம்மா."

"பன்றிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கூடவேதான்."

போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் நீங்கள் ஜீப் அனுப்பினீர்கள். இவ்வளவு காலத்தில் யாரும் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை சார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் கதை சொல்வேனே தவிர, பொய் சொல்ல மாட்டேன்.

ஆமாம், கன்றுகளைப் பிடுங்கியது நான், தோப்பைக் கொளுத்தியது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று. காலையில் புகாரில் விரல் வைக்க வீராயியைக் கூட்டி வந்தீர்கள் அல்லவா, மை ஒட்டினாலும் ரேகை விழாமல் இரண்டு மூன்று தரம் வைத்துப் பார்த்தாளே, போகும்போது இந்தக் கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு, "அரிசி வேணாங்கய்யா. நான் எப்பிடியாவது பொழச்சிக்கறேன். நீங்க மட்டும் இனிமே வராதீங்க" என்றாள்.

பாருங்கள் சார். இந்த வயசில் நான் வெயிலில் அலையக் கூடாதென்று அவளுக்கு எவ்வளவு அக்கறை.