கையாலேயே திட்டினா

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் உப்பள வேலை செய்யும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சிரித்தாள்.

"நேத்து என் பொண்ணு என்னைத் திட்டிட்டாக்கா!"

"காது கேக்காத, பேச்சு வராத புள்ள எப்பிடிடி திட்டும்?"

"கையாலதான்! பிரவுசிங் சென்டர் பொண்ணு நெட்ல தேடிக் குடுத்துச்சு. கையால பேசறதுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் படம் போட்டு வெச்சிருக்காங்க. பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிட்டேன். ரெண்டு பேரும் பாத்துப் பாத்துப் பழகுறோம்."

"என்னான்னு திட்டினா?"

"கொழம்புல உப்பே இல்லையாம்! முன்னெல்லாம் தட்டைத் தள்ளிட்டு அழுவா. ஏன்னு புரியாம நானும் அழுவேன். நேத்து உப்பு போட்டதும் மொத்தத்தையும் சாப்பிட்டாக்கா."

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு சாப்பிட வான்னு அவளை எப்பிடிக் கூப்பிடறது?"

இளையவள் செய்து காட்டினாள். மூத்தவளும் கையை அசைத்தாள்.

"ஐயோ, அது 'வா' இல்ல, 'போ'ன்னு அர்த்தம்க்கா!"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். மரக்காணத்தில் இறங்கும்போது மூத்தவளுக்கு அது சரியாக வந்துவிட்டது.

"இன்னிக்கே வந்து கூப்பிடறேன்டி," என்றாள்.