நடுவில் அறுந்த மூச்சு

இரவு ஒன்றரை மணி. வெள்ளவத்தை மரைன் டிரைவில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். கிளின்ரன் சாக்ஸபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருகிறான்...

அந்த மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளி வை, றமேஷ். கரண்ட் வரும்வரை உனக்கும் ஷிஹாராவுக்கும் ஒரு கதை சொல்கிறேன். இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. அவனும் என்னைப் போல ஜாஸ் பைத்தியம்தான்.

காதில் ஹெட்போன். அன்று பகல் ஸ்டூடியோவில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் வாசிப்பில் ஓர் இடம் பேர் போனது. சுரம் ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் அறும். ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. பிறகு தொடரும். ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவது அந்த ஒரு கணத்துக்குத்தான்.

அன்று அந்தக் கணத்தில்... யாரோ மூச்சு இழுத்தார்கள்.

மெல்லிசாக, பழைய கதவு கிறீச்சிடுகிற மாதிரி. இழுத்த சத்தம் மட்டும்தான். விட்ட சத்தம் இல்லை.

யாருடைய மூச்சு என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் அவன் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பெயர் எதற்கு, அக்கா என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில், சிலுவையில் இறந்த மகனை நினைத்து மாதா அழுகிற ஒப்பாரியை அவர் பாடுவார். அவருக்குத் தொய்வு வருத்தம், ஆஸ்துமா. 'மகனே' என்று முழுதாகப் பாட மூச்சுப் போதாது. 'மக...' என்று அறுந்து, இழுத்து, பிறகுதான் 'னே' வரும். கிளின்ரன் சுவரில் காதை வைத்துக் கேட்பான். அவன் கேட்ட எந்த ரெக்கோட்டிலும், எந்தப் பெரிய ஆளிடமும் அப்படியோர் இடைவெளி இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டான்.

எடுத்தது பிழையில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துத்தான் ஜாஸே வளர்ந்தது. ஆனால் யாரிடம் எடுத்தோம் என்று மேடையில் பெயர் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். கிளின்ரனும் சொல்வான். ஐந்தாறு அமெரிக்கப் பெயர்கள். அக்காவின் பெயர் மட்டும் வாயில் வராது. கோட் போட்டு நிற்கிற மேடையில், ஒரு தொய்வுக்காரியின் ஒப்பாரி என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

ஒருநாள் சந்தையில் அக்கா அவனை மறித்தார்.

"தம்பி, ரேடியோவில கேட்டனான். அது என்ர இழுப்பெல்லே?"

பக்கத்தில் கூட்டாளிகள் நின்றார்கள்.

"இல்லை அக்கா. அது அமெரிக்கன் ஸ்டைல்."

"ஓ... அப்ப சரி தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். அதற்கு மூன்றாம் வாரம் ஓர் இரவு மூச்சு முட்டி இறந்துபோனார். செத்த வீட்டுக்குக்கூட அவன் போகவில்லை. ரெக்கோடிங் இருந்தது. அன்று ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வந்தானே... அதுதான் அந்த ரெக்கோடிங்.

மரைன் டிரைவில் ஹெட்போனைக் கழற்றினான். அலைச் சத்தம். யூக்கலிப்டஸ் தைல மணம்... அக்கா நெஞ்சில் பூசுகிற அதே தைலம். மறுபடியும் இழுப்பு. இந்த முறை அவன் முதுகுக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்காமல் ஓடினான். ஓடி என்ன? அன்றிலிருந்து அவன் எங்கே நிறுத்தினாலும் அது கேட்கும். வாசிப்பில் நிறுத்தினாலும், பேச்சில் நிறுத்தினாலும்...

என்ன ஷிஹாரா? ஏன் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாய்?

நான் நிறுத்தும்போதெல்லாம் கேட்கிறதா... றமேஷ், உனக்குமா?

சரி. நண்பனும் இல்லை, மச்சானும் இல்லை, கிளின்ரன் என்றொருவனும் இல்லை. சந்தையில் அந்தப் பொய்யைச் சொன்ன வாய் இதுதான். இன்றைக்கும் கதையை இன்னொருவன் தலையில் கட்டப் பார்த்தேன், வெட்கம் கெட்டவன். பெயரைச் சொல்கிறேன். இமெல்டா. நீங்கள் கைதட்டுகிற அந்த இடைவெளி இமெல்டா அக்காவுடையது.

...

மறுபடியும் அந்த இழுப்பு... கேட்டதா? கரண்ட் இல்லாத வீட்டில், இரண்டு பேருக்கு முன்னால் சொன்னால் போதாது போல. இழுத்த மூச்சை அவர் இன்னும் விடவில்லை.